ஸ்டாக் மென்பொருள்: கணிப்பு சுமார், காலி ரேக் கணக்கு அருமை

நாளை எவ்வளவு விற்கும் என்று இன்றே சொல்லிவிடும் என்றுதான் இந்த மென்பொருளை விற்கிறார்கள். சந்தா கட்டி, எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: அந்த வேலையை அது சுமாராகத்தான் செய்கிறது. ஆனால் விளம்பரத்தில் ஒரு வரிகூட இடம்பெறாத வேறு இரண்டு வேலைகளை நன்றாகச் செய்கிறது. அந்த இரண்டுக்காகத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

பெயரை எழுதப்போவதில்லை. குறை நிறைய வரப்போகிறது. தவிர, இந்த வகை மென்பொருள்களில் உள்ளே ஓடும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான், மேல்பூச்சுதான் மாறும். நீங்கள் எதை வாங்க நினைத்தாலும் இங்கே சொல்வதை வைத்து அதைக் குடைந்து பார்க்கலாம்.

நான் பார்ப்பது வீட்டு உபயோகப் பொருள்களின் கொள்முதல். சோப்பு, பற்பசை, சலவைத் திரவம், டயபர், குப்பைப் பை, பேட்டரி. எல்லாம் எல்லோர் வீட்டிலும் தீர்ந்துபோகும் பொருள்கள்தான். ஆனால் வகைகள் பெருகிவிட்டன. ஒரே சலவைத் திரவம் நான்கு வாசனையில், மூன்று அளவில் வருகிறது. கணக்குக்குப் பன்னிரண்டு தனிச் சரக்கு. மொத்தமாகச் சலவைத் திரவம் மாதம் எவ்வளவு போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எலுமிச்சை வாசனை, ஒரு லிட்டர், அடுத்த வாரம் எத்தனை போகும் என்றால் எனக்கும் தெரியாது, எந்தக் கணினிக்கும் தெரியாது. மொத்தமாகப் பார்க்கும்போது ஒன்றின் ஏற்றத்தை இன்னொன்றின் இறக்கம் அடித்துவிடும். துண்டு போடப் போட அந்த வசதி போய்விடும். ஆர்டர் போடுவதோ துண்டு துண்டாகத்தான்.

சரி, நல்லதிலிருந்து தொடங்குகிறேன். முதலாவது, காலி ரேக் கணக்கு.

எக்செல்லில் நாம் எல்லோரும் செய்வது சராசரி எடுப்பது. 30 நாளில் 180 விற்றது, ஆக ஒரு நாளைக்கு 6. அந்த 30 நாளில் கடைசி 12 நாள் சரக்கே இல்லாமல் கிடந்திருந்தால்? 18 நாளில் 180 போயிருக்கிறது, அதாவது நாளைக்கு 10. இது தெரியாமல் 6 என்று நம்பி, மாதத்துக்கு 180 என்று ஆர்டர் போட்டால், அடுத்த மாதமும் அதே 18ஆம் நாள் தீரும். மாத அறிக்கையில் மறுபடியும் நாளைக்கு 6 என்று வரும். கணிப்பு அச்சு அசலாகப் பலித்துவிட்டது என்று நமக்கும் ஒரே சந்தோஷம். கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியவர் எந்த பில்லிலும் ஏறமாட்டார். நன்றாக ஓடும் சரக்கு 'சுமாராக ஓடும் சரக்கு' என்று பெயர் வாங்குவது இப்படித்தான்.

இந்த மென்பொருள், இருப்பு பூஜ்யமாக இருந்த நாள்களை வரைபடத்தில் சாம்பல் பட்டையாகக் காட்டுகிறது, சராசரியிலிருந்தும் கழித்துவிடுகிறது. பழைய விற்பனைக் கணக்கை ஏற்றியதும் டயபர் மீடியம் அளவின் படத்தைத் திறந்தேன். பாதிக்குப் பாதி சாம்பல். லார்ஜ் அளவுதான் அதிகம் ஓடுகிறது என்று ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. உண்மையில் லார்ஜ் எப்போதும் ரேக்கில் இருந்தது, மீடியம் இருக்கவில்லை, அவ்வளவுதான். சந்தா காசுக்கு இந்த ஒரு படம் போதும் என்று அன்றைக்கே தோன்றியது.

இதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, அது நாள் கணக்கில்தான் பார்க்கிறது, மணிக்கணக்கில் இல்லை. காலையிலேயே 4 விற்று ரேக் காலியாகிவிட்டால், அந்த நாளை முழு நாளாக எடுத்துக்கொண்டு '4 விற்றது' என்று எழுதிக்கொள்கிறது. பில்லில் நேரம் அச்சாகிறது. கடைசி பில் எத்தனை மணிக்கு விழுந்தது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இதைச் சொல்லி எழுதிப் போட்டேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. லாவெண்டர் வாசனை இல்லையென்றால் முக்கால்வாசிப் பேர் சும்மா போவதில்லை, எலுமிச்சையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். மென்பொருள் லாவெண்டரின் காலி நாள்களைக் கழித்து அதன் சராசரியை உயர்த்துகிறது. எலுமிச்சைக்கு அதே நாள்களில் வந்த வீக்கத்தையும் நிஜம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக, ஒரே ஆள் கேட்டதை இரண்டு சரக்கிலும் எண்ணியாகிறது. இரண்டுக்கும் சேர்த்து அது சொல்லும் அளவை வாங்கினால் கட்டாயம் தேங்கும். நான் வாசனைகளை ஒரு குழுவாகக் கட்டி, குழு மொத்தத்துக்கு மட்டும் அதன் எண்ணை எடுத்துக்கொண்டு, பங்கீட்டைக் கையால் செய்கிறேன். குழு கட்டும் வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் அதை அறிக்கைகளுக்காக வைத்திருக்கிறார்கள், கணிப்புக்காக அல்ல.

இரண்டாவது நல்ல வேலை, பேய் இருப்பைப் பிடிப்பது. கணினியில் இருக்கும், ரேக்கில் இருக்காது. குடோன் பார்க்கும் பையன் அடிக்கடி போன் செய்வான்: "அக்கா, சிஸ்டத்துல பதினொன்னு காட்டுது. ரேக்கையே கவுத்துப் பாத்துட்டேன், ஒன்னுகூட இல்லை." திருட்டு என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். திருட்டும் உண்டுதான். ஆனால் பில் போடும் இடத்தில் சில நிமிடம் நின்று பாருங்கள். ஒருவர் ஐந்து பாட்டில் கொண்டு வருகிறார், மூன்று லாவெண்டர், இரண்டு எலுமிச்சை. விலை ஒன்றுதான். வரிசை நீளமாக நிற்கிறது. பில் போடுபவர் கையில் முதலில் அகப்பட்ட லாவெண்டரை ஸ்கேன் செய்து 'இன்டு ஐந்து' என்று தட்டிவிடுகிறார். பணக் கணக்கு சரி. இருப்புக் கணக்கில் லாவெண்டர் நிஜத்தைவிட இரண்டு குறைவு, எலுமிச்சை நிஜத்தைவிட இரண்டு கூடுதல். மொத்த எண்ணிக்கை பொருந்துவதால் கணக்குப் பிள்ளை கண்ணில் இது படவே படாது. இப்படிச் சேர்ந்து சேர்ந்து எலுமிச்சையில் பதினொன்று பேய் நிற்கிறது.

நிக்கோல் டிஹோரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளை நிஜ எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். 65 சதவீதம் பொருந்தவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டு அதிர்ச்சியடையமாட்டார்கள். 'மீதி 35 சதவீதம் எப்படிப் பொருந்தியது' என்றுதான் கேட்பார்கள்.

பேய் இருப்பு வெறும் பற்றாக்குறையைவிட மோசம். இருப்பு பூஜ்யமானால் கணினியே ஆர்டர் போடச் சொல்லும். பதினொன்று இருக்கிறது என்று அது நம்பினால் சொல்லவே சொல்லாது. ரேக் காலியாக இருக்கும், விற்பனை பூஜ்யம் என்று பதிவாகும், 'இந்தச் சரக்கை யாரும் கேட்பதில்லை' என்று அது பாடம் படித்துக்கொள்ளும். கணினிக் கணக்கில் இருப்பு பூஜ்யம் இல்லையே, அதனால் மேலே சொன்ன சாம்பல் பட்டையும் விழாது. முதல் நல்ல வேலையை இந்தப் பேய் அப்படியே கெடுத்துவிடும்.

இதற்கு மென்பொருள் தினமும் காலையில் ஒரு சந்தேகப் பட்டியல் தருகிறது. அதன் தர்க்கம் எளிமையானது, எனக்குப் பிடித்தது. நாளைக்குச் சராசரி இரண்டு போகும் சரக்கு, வெறும் தற்செயலாக மூன்று நாள் ஒன்றுகூடப் போகாமல் இருக்க வாய்ப்பு ஏறத்தாழ 400இல் ஒன்று. ஆக, அது பட்டியலில் வரும். ஐந்து நாளைக்கு ஒன்று போகும் சரக்கு மூன்று நாள் சும்மா இருப்பதற்கு வாய்ப்பு பாதிக்கும் மேல், அதனால் அதைக் கிளறாது. ஆண்டு இறுதியில் கடையை மூடி எல்லாவற்றையும் எண்ணும் சடங்கைவிட, தினமும் இந்தப் பட்டியலில் உள்ள சில சரக்குகளை மட்டும் போய்ப் பார்த்துத் திருத்துவது எவ்வளவோ மேல். சில சமயம் சரக்கு இருக்கும், ஆனால் வேறு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதையும் முன்னால் எடுத்து வைத்துவிடலாம்.

இனி, அவர்கள் பெருமையடிக்கும் கணிப்பு.

தினசரி ஓடும் சரக்குகளுக்குப் பரவாயில்லை. வாரத்தின் எந்தக் கிழமையில் கூட்டம், மாதத்தின் எந்தப் பகுதியில் விற்பனை படுக்கும் என்பதையெல்லாம் சரியாகப் பிடித்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு என்று லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளமைப்பில் 'எளிய முறை' என்று ஒன்று இருக்கிறது. அண்மைய விற்பனைக்குக் கூடுதல் எடை, பழையதற்குக் குறைந்த எடை கொடுத்து சராசரி போடும் பழைய வழி. ராபர்ட் பிரவுனும் சார்லஸ் ஹோல்டும் 1950களிலேயே எழுதி வைத்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான சரக்குகளில் வித்தியாசம் தெரியவில்லை. இது இந்த மென்பொருளின் தனிக் குறை என்று சொல்லமாட்டேன். 2020இல் வால்மார்ட்டின் 10 கடைகள், 3,049 பொருள்கள் பற்றிய விற்பனைத் தரவை வைத்து எம்5 என்ற கணிப்புப் போட்டி நடந்தது. ஆயிரக்கணக்கான குழுக்கள் கலந்துகொண்டன, பெரும்பாலானவற்றால் இந்தப் பழைய வகை முறையைத் தாண்ட முடியவில்லை. முன்வரிசையில் வந்தவர்கள் தாண்டினார்கள் என்பதும் உண்மை. சந்தாவில் நமக்குக் கிடைப்பது முன்வரிசைச் சரக்கா என்பதுதான் கேள்வி.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். முதன்மைத் திரையில் ஒரே ஒரு எண்ணைக் காட்டுகிறது. '73' என்று. கணக்குக்கு உள்ளே அதற்கு ஒரு வீச்சு இருக்கிறது, 50லிருந்து 100 வரை எதுவும் நடக்கலாம் என்று அதற்கே தெரியும். அந்த வீச்சைப் பார்க்க மூன்று திரை தாண்டிப் போக வேண்டும். ஆர்டர் போடுபவருக்கு வேண்டியது 73 அல்ல, அந்த 50ம் 100ம்தான். 73ஐப் பார்த்தவர் 73 வாங்குவார். வீச்சைப் பார்த்தவர், 'தீர்ந்துபோனால் எவ்வளவு வலிக்கும், தேங்கினால் எவ்வளவு வலிக்கும்' என்று யோசிப்பார்.

எப்போதாவது போகும் சரக்குகளில் கதை சிரிப்பாகிவிடுகிறது. பட்டன் பேட்டரியில் அவ்வளவாகப் புழங்காத ஓர் அளவு. வாரவாரியாகப் பார்த்தால் 0, 0, 4, 0, 0, 0, 0, 3. இதற்கு 'ஒரு நாளைக்கு 0.1' என்று கணிப்பு. ஒரு பேட்டரியில் பத்தில் ஒரு பங்கை யார் வந்து வாங்குவார்? இத்தகைய விட்டுவிட்டு வரும் கேட்புக்கு 1972இலேயே ஜான் கிராஸ்டன் வழி சொன்னார்: எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்கிறார்கள் என்பதைத் தனியாக, கேட்கும்போது எத்தனை கேட்கிறார்கள் என்பதைத் தனியாகக் கணியுங்கள் என்று. அந்த முறை இதிலும் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சரக்காகத் திறந்து கையால் மாற்ற வேண்டும். பூஜ்யங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துத் தானாக மாற்றிக்கொள்ள இதற்கென்ன கேடு?

அப்புறம் பாதுகாப்பு இருப்பு, அதாவது கேட்பு கூடினாலும் வண்டி தாமதமானாலும் சமாளிக்கக் கூடுதலாக வைத்திருக்கும் சரக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் முடங்குவது இங்கேதான்.

திரையில் 'சேவை நிலை' என்று ஓர் இழுவைப் பட்டை, 80 முதல் 99.9 வரை. நிறுவ வந்தவர் எல்லாச் சரக்குக்கும் 98இல் வைத்துவிட்டுப் போனார். அப்படியே விட்டால் குடோனில் நடக்க வழி இருக்காது.

ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். நாளைக்குச் சராசரி 10 போகிறது, அன்றாட ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு) 4. ஆர்டர் போட்டால் வந்து சேர 9 நாள். அந்த 9 நாளில் சராசரியாக 90 போகும். அதற்கு மேல் எவ்வளவு கைவசம் வேண்டும்? 9இன் வர்க்கமூலம் 3, அதை 4ஆல் பெருக்கினால் 12. பட்டையை 95இல் வைத்தால் அதற்குப் புள்ளியியல் அட்டவணை தரும் பெருக்கெண் 1.645. பெருக்கினால் 20. இருப்பு 110க்கு இறங்கியதும் ஆர்டர் போடலாம். புத்தகத்தில் இதோடு முடிந்துவிடும்.

சப்ளையர் சரியாக 9ஆம் நாள் வருவாரா? ஒருமுறை 7, இன்னொரு முறை 12. அந்த ஆட்டத்தின் திட்ட விலக்கம் 2 நாள் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 10 வீதம் அது 20 பாட்டில். 12, 20 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், 12க்குப் பதிலாக வருவது 23.3, பாதுகாப்பு இருப்பு 38. கேட்பின் நிச்சயமின்மைக்கு 20 போதும். வண்டியின் நிச்சயமின்மை அதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறது. கேட்பே நிலையில்லாமல் இருக்கிறது என்று வாடிக்கையாளரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். பாதித் தொல்லை வந்திறங்கும் வண்டியில் இருக்கும்.

மென்பொருளில் சப்ளையர் வாரியாகச் சொன்ன நாளும் வந்த நாளும் போட்ட அறிக்கை இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு இருப்புக் கணக்கில் அதைச் சேர்க்க, அமைப்புகளின் அடியில் ஒரு பெட்டியில் டிக் போட வேண்டும். இயல்பாக அது அணைந்தே இருக்கிறது. வாங்கிய உடனே முதலில் அதைப் போடுங்கள். அந்த அறிக்கையை அச்செடுத்து ஒரு சப்ளையரிடம் காட்டினேன். அவர் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டாயம் வருவதாக ஒப்புக்கொண்டார். அந்தச் சரக்குகளில் கையிருப்பு இறங்கியதற்கு எந்தக் கணிப்பும் காரணமில்லை.

இதே பட்டையில் இன்னொரு கோளாறு, பெயரில். 95இல் வைத்தால் பக்கத்தில் '95 சதவீத வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு கிடைக்கும்' என்று எழுதிக் காட்டுகிறது. தப்பு. அந்தச் சூத்திரம் சொல்வது, 100 முறை ஆர்டர் போட்டுக் காத்திருந்தால் 95 முறை சரக்கு தீராது என்பதைத்தான். மீதி 5 முறை தீர்ந்தாலும், சுற்றின் கடைசியில் வந்து கேட்பவர்களுக்கு மட்டும்தான் கிடைக்காது. மேலே சொன்ன சரக்கை ஒரு தடவைக்கு 240 வாங்குகிறோம் என்றால், 95இல் ஒரு சுற்றுக்குச் சராசரியாகக் குறைவது அரை பாட்டில். அதாவது கேட்டவர்களில் 99.8 சதவீதம் பேருக்குக் கிடைத்துவிடுகிறது. பட்டையை 90க்கு இறக்கினால் பாதுகாப்பு இருப்பு 30 ஆகும், கிடைப்பவர்கள் 99.5 சதவீதம். ஆயிரம் பேர் கேட்டால் கூடுதலாக மூன்று பேர் ஏமாறுவார்கள். அந்த மூன்று பேருக்காக எட்டு பாட்டில் எப்போதும் ரேக்கில் நிற்க வேண்டுமா என்பது நாம் முடிவு செய்ய வேண்டியது. டயபர் என்றால் ஆமாம், தீர்ந்துபோனால் கேட்டவர் மொத்தச் சாமானையும் வேறு கடையில் வாங்கிக்கொள்வார். இன்னொரு வாசனை சோப்பு என்றால் வேண்டாம், பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வார். தப்பான வாசகத்தைத் திரையில் போட்டால், '95தானா? 5 சதவீதம் பேர் திரும்பிப் போகிறார்களா?' என்று முதலாளி பதறிப்போய் 99க்கு இழுத்துவிடுகிறார்.

ஆர்டர் அளவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஆர்டர் போடும் செலவையும் சரக்கை வைத்திருக்கும் செலவையும் சமன்செய்து அளவு சொல்லும், 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் எழுதிய வர்க்கமூலச் சூத்திரம்தான் இதிலும். '347 வாங்குங்கள்' என்று துல்லியமாகச் சொல்லும். அந்தத் துல்லியத்துக்கு மயங்க வேண்டாம். அந்தச் சூத்திரத்தின் அழகே அது தட்டையாக இருப்பதுதான்: உகந்த அளவைவிட ஒன்றரை மடங்கு வாங்கினாலும் ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து 8 சதவீதம்தான் கூடும். ஆகவே வண்டி நிறைவதற்காகக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பதில் பாவமில்லை. பெட்டிக் கணக்கில்தான் தகராறு. 14 வேண்டும், பெட்டியில் 24 என்றால் எப்போதும் மேலே தள்ளி 24 போடுகிறது. வேகமாக ஓடும் சரக்கில் பரவாயில்லை. மெதுவாகப் போகும் ஷேவிங் கிரீமில் ஒரு பெட்டி என்றால் பல மாதச் சரக்கு, அதற்குள் காலாவதித் தேதி நெருங்கிவிடும். கீழே தள்ளி 'இந்த முறை வேண்டாம்' என்று சொல்லும் தைரியம் இதற்கு இல்லை.

மேலே தள்ளுவதன் விளைவு நம்மோடு முடிவதுமில்லை. டயபர் விஷயத்தில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் கண்டது இன்று பாடப் பொருளாகிவிட்டது: குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயபர் பயன்படுத்துகிறார்கள், கடை விற்பனையும் அவ்வளவாக ஆடுவதில்லை, ஆனால் விநியோகஸ்தர்கள் போடும் ஆர்டர் தாறுமாறாக ஆடுகிறது. 1997இல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகியோர் இதற்குச் சொன்ன காரணங்களில் நான்கு முக்கியம்: ஒவ்வொரு மட்டத்திலும் ஆளாளுக்குத் தனிக் கணிப்பு, ஆர்டரைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவது, சலுகை விலை, பற்றாக்குறை வரும் என்ற பயத்தில் கூடுதலாகக் கேட்பது. இந்த மென்பொருளில் முதல் மூன்றுக்கும் தாராளமாக வசதி இருக்கிறது. நான்காவதை நாமே பார்த்துக்கொள்கிறோம்.

சலுகை என்றதும் சொல்ல வேண்டும். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' ஸ்கீமை நாள்காட்டியில் குறித்து வைக்கலாம். குறித்தால் அந்த நாள்களின் ஏற்றத்தைச் சராசரியில் சேர்க்காது. நல்லது. ஆனால் ஸ்கீம் முடிந்த பிறகு வரும் பள்ளத்தை அது சாதாரண நாள்களாக எடுத்துக்கொள்கிறது. சலவைத்தூள் சலுகையில் கிடைத்தது என்பதற்காக யாரும் துணியைக் கூடுதலாகத் துவைப்பதில்லை. வாங்கி அடுக்கிவிட்டு அடுத்த மாதம் வரமாட்டார்கள். ஆகவே ஸ்கீமின் முடிவுத் தேதியை நிஜத்தைவிடச் சில வாரம் தள்ளிக் குறிக்கிறேன், பள்ளமும் உள்ளே அடங்கிவிடும்.

பழைய தரவு ஏற்றுபவர்களுக்கு: 2020ஐக் கையோடு கழித்துவிடுங்கள். சானிடைசர் மட்டும் அல்ல. டாய்லெட் பேப்பருக்கு அந்த ஆண்டு பீதியில் வாங்கியவர்கள் ஒருபக்கம், அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்ததால் உண்மையிலேயே வீட்டுப் பயன்பாடு கூடியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் பிரிக்க எந்தக் கணக்காலும் முடியாது. தேதி வாரியாகத் தரவை ஒதுக்கும் வசதி இதில் இருக்கிறது, இரண்டே தட்டில் முடிந்துவிடும். ஏற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: சப்ளையர் தரும் பட்டியல்களில் சிலர் பெட்டிக் கணக்கில் எழுதுவார்கள், சிலர் உருப்படிக் கணக்கில். இரண்டும் கலந்து வந்தால் இது எச்சரிப்பதில்லை. 24 மடங்கு வித்தியாசத்தில் வரும் எண்ணைக்கூட அமைதியாக விழுங்கிக்கொள்கிறது.

ஒரே ஒருமுறை வாங்கும் சரக்குக்கு இதில் வழியே இல்லை. விளையாட்டுப் போட்டிப் படம் போட்ட லிமிடெட் எடிஷன் பாக்கெட் வருகிறது, போட்டி முடிந்தால் யாரும் தொடமாட்டார்கள், மறு ஆர்டரும் கிடையாது. இதற்குக் கணக்கு சின்னது. ஒன்று குறைந்தால் போகும் லாபம், ஒன்று மிஞ்சினால் வரும் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு என்றால், 4இல் 3 பங்கு வாய்ப்பில் போதுமான அளவு வாங்கலாம். 200 போகும், திட்ட விலக்கம் 60 என்று மதிப்பிட்டால் 240. விகிதம் தலைகீழானால் 160. இதே யோசனையை 1888இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் வங்கி எவ்வளவு ரொக்கம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதற்குப் போட்டிருக்கிறார். இவ்வளவு பழைய கணக்கை ஏன் விட்டார்கள் என்று புரியவில்லை. எக்செல்லில் ஒரு வரியில் போட்டுக்கொள்கிறேன்.

மற்றவை சட்டென்று. காலாவதி நெருங்கியதை முதலில் எடுக்கச் சொல்லும் பட்டியல் சரியாக வேலை செய்கிறது, ஆனால் சரக்கு இறக்கும்போது தேதியைத் தட்டினால்தான். கைபேசிச் செயலி குடோனின் உள்பக்கம் சிக்னல் போனால் தொங்கிவிடுகிறது, எண்ணியதைச் சேமிக்காமல். உதவி கேட்டால் பதில் சீக்கிரம் வருகிறது, மனிதர்தான் பேசுகிறார். எல்லாத் தரவையும் எப்போது வேண்டுமானாலும் எக்செல்லாக இறக்கிக்கொள்ளலாம். இது முக்கியம், இல்லாத சேவையை வாங்காதீர்கள்.

யாருக்கு உதவும்? சில நூறு சரக்கு வைத்துக்கொண்டு தினமும் ரேக்கைக் கண்ணால் பார்ப்பவருக்கு இது தேவையில்லை. எக்செல்லில் சரக்கு இல்லாத நாளுக்கு ஒரு பத்தி சேர்த்தால் பாதிப் பலன் வந்துவிடும். ஆயிரக்கணக்கில் சரக்கும் பல சப்ளையர்களும் இருந்தால் வாங்கலாம். வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சரக்கு தீர்ந்த நாளை எப்படி எண்ணுகிறீர்கள், வண்டி தாமதமாவதைப் பாதுகாப்பு இருப்பில் சேர்க்கிறீர்களா. கணிப்பு எத்தனை சதவீதம் துல்லியம் என்று கேட்கவே வேண்டாம், அதற்கு எல்லோரிடமும் பளபளப்பான பதில் தயாராக இருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். தானாகவே சப்ளையருக்கு ஆர்டர் அனுப்பும் பொத்தானை மட்டும் அணைத்தே வைத்திருக்கிறேன். அரை நாள் காலியையும் வாசனை மாற்றி வாங்குவதையும் சரிசெய்யும் வரை அது அப்படியே இருக்கும்.